கழுத்து மட்டும் போதுமா?

சுட்ட தோட்டாக் கூட்டைத் திரும்ப நிரப்பிச் சுடுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது முழு நீள டைதான். இது என் கட்சி. கழுத்தை மட்டும் ஒடுக்குகிற டை இருந்தால் போதும் என்பது என் அத்தானின் கட்சி. லியோன் நகருக்கு வெளியே அவர் வீட்டுக் கார் ஷெட்டில் இந்த வழக்கு மூன்று கோடைகாலமாக நடக்கிறது. வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்த வழக்குக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. அவருடைய பேரன் அங்கே சுடும் சங்கத்தில் சேர்ந்து, உரிமம் எடுத்து, 308 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கியும் வாங்கிவிட்டான். "தோந்தோன், நான் எந்த டை வாங்கட்டும்?" என்று என்னைக் கேட்கிறான். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அவன் அம்மா படித்துச் சொல்லுவாள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

கோப்பில் குறிப்பெழுதிப் பென்ஷன் வாங்குகிற ஆளுக்குத் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று வழக்கமாக இங்கே வருகிறவர்கள் கேட்பீர்கள். நான் சுடுகிறவன் இல்லை. அத்தான் வீட்டார் 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அத்தான் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார். நான் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, புதுச்சேரி அரசாங்கத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும் குமாஸ்தா ஆனேன். கோடையில் அக்காவைப் பார்க்கப் போகும்போது அந்த ஷெட்டில் எனக்குக் கொடுத்த வேலை அளப்பதும் எழுதுவதும். ஐம்பது கூடு கொண்ட ஒவ்வொரு பெட்டிக்கும் நோட்டில் ஒரு பக்கம். எத்தனை முறை சுட்டது, நீளம் எவ்வளவு, வாய் வெட்டியது எப்போது, எத்தனை கூடு கழிக்கப்பட்டது. ஸ்டோர் பதிவேடு மாதிரிதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். பிரான்சில் உரிமம் உள்ள விளையாட்டுச் சுடுநர் தன் உபயோகத்துக்கு வீட்டில் நிரப்பிக்கொள்ள இடம் இருக்கிறது. இங்கே யாரும் பரீட்சை பார்க்க வேண்டாம்.

ஒரு தோட்டாவில் நான்கு சாமான்: குண்டு, மருந்து, பிரைமர், இந்த மூன்றையும் சேர்த்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் முதல் மூன்றும் தீர்ந்தன. கூடு மட்டும் கையில் மிஞ்சும். அதைத் தூக்கி எறிய மனசு வராதவர்கள்தான் இந்த வேலையில் இறங்குகிறார்கள்.

மருந்து எரியும் நொடியில் கூடு உப்பி, சேம்பர் என்கிற அந்தக் குழிவின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும், பழைய அளவுக்கு வராது. கழுத்து அகன்றுபோய்ப் புதுக் குண்டைப் பிடிக்காது. இதை ஒடுக்கி அளவுக்குக் கொண்டுவருவதுதான் டையின் வேலை. டை என்பது உள்பக்கம் கூட்டின் வடிவத்தில் குடைந்த கெட்டியான எஃகுக் குழல். பிரஸ்ஸின் தலையில் திருகி மாட்டி, கைப்பிடியை இழுத்தால் கூடு கீழிருந்து ஏறி அதற்குள் போய்த் திரும்பும். முழு நீள டை உடம்பு, தோள், கழுத்து மூன்றையும் ஒடுக்கும். கழுத்து டை கழுத்தோடு சரி. பிரெஞ்சில் கூட்டின் கழுத்துக்குக் 'கொலே' என்று பேர். நாங்கள் இரண்டு பேரும் ஷெட்டில் கொலே, கொலே என்று உரக்க வாதாடுவதைக் கேட்டு, "நல்ல நாளும் அதுவுமா என்ன கொலைப் பேச்சு?" என்று அடுக்களையிலிருந்து அக்காள் ஒருமுறை சத்தம் போட்டாள்.

அத்தான் பக்கத்து நியாயத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அவரிடம் இருப்பது மாஸ் 36, பிரெஞ்சு ராணுவத்தின் பழைய துப்பாக்கி, 7.5×54 ரகம். (கைப்பூட்டு, அதாவது சேஃப்டி, வைக்காமலே செய்த துப்பாக்கி அது. அத்தானுக்கு அதில் ஒரு பெருமை வேறு.) அந்த ரகத்துக் கூடு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்த கூட்டைப் பொன்போல் காப்பாற்ற வேண்டும். போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருப்பதால் சுடும் நேரத்தில் இரும்பு இம்மியளவு விட்டுக்கொடுக்கும். ராணுவச் சாமான் ஆகையால் சேம்பரும் தாராளம், சேறு பட்டாலும் தோட்டா உள்ளே போக வேண்டும் அல்லவா. அப்படிப்பட்ட சேம்பரில் நன்றாக உப்பி வந்த கூட்டை முழு நீள டையில் போட்டு ஒடுக்குவதும், அது மறுபடி உப்புவதும், மறுபடி ஒடுக்குவதுமாக இருந்தால் பித்தளை எத்தனை நாள் தாங்கும்? பித்தளையைத் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும், கடைசியில் விரிசல் விடும். நம் கன்னார் தட்டும்போது நடுநடுவே பாத்திரத்தை நெருப்பில் காட்டுவது அதற்காகத்தான். "என் சேம்பருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருக்கு. அதை எதுக்கு மச்சான் மறுபடி சுருக்கணும்?" என்பார் அத்தான். பழைய தலைமுறைச் சுடுநர்கள் பலரும் இந்தக் கட்சிதான்.

ஆனால் நோட்டு வேறு கதை சொல்கிறது. கழுத்தை மட்டும் ஒடுக்கிய பெட்டிகளின் பக்கங்களைப் புரட்டினால் நாலாவது, ஐந்தாவது சுடலுக்கு அருகில் 'போல்ட் இறுக்கம்' என்று நான் எழுதாத பக்கமே இல்லை. காரணம் எளிது. ஒவ்வொரு சுடலுக்கும் கூடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து சேம்பரை முழுக்க நிறைத்துவிடுகிறது. சுருங்கிக்கொடுக்கும் குணமும் குறைந்துபோகிறது. பிறகு போல்ட்டை உள்ளங்கையால் அழுத்தி மூட வேண்டி வரும். அப்போது அத்தான் என்ன செய்கிறார்? அலமாரியிலிருந்து முழு நீள டையை எடுக்கிறார்! கழுத்து டை வாங்கினவர் முழு நீள டையும் வாங்கியே தீரவேண்டும். முழு நீள டை வாங்கினவருக்குக் கழுத்து டை இல்லாமலே காலம் ஓடும். கொள்முதல் பிரிவில் இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் இரண்டாவது பொருளின் அவசியம் விளங்கவில்லை என்று எழுதித் திருப்பியிருப்பேன்.

துல்லியத்துக்காகக் கழுத்து டை என்கிறார்கள். மேஜைமேல் துப்பாக்கியை வைத்து ஐந்து குண்டையும் ஒரே துளையில் போடப் பார்க்கிற பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களே இப்போது பெரும்பாலும் முழு நீளம்தான் ஒடுக்குகிறார்கள். கூடு சேம்பரில் இடிக்காமல், இறுகாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போய் உட்கார்ந்தால் போதும். இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டினால் துப்பாக்கி அசைகிறது, கையும் அசைகிறது.

பேரன் விஷயத்தில் இன்னொரு சங்கதி உண்டு. அவன் சிநேகிதனிடமும் 308 இருக்கிறது. இருவரும் ஒன்றாகப் போகிறார்கள், கூடுகள் தரையில் ஒன்றாக விழுகின்றன. ஒரு சேம்பரில் உப்பிய கூட்டைக் கழுத்து மட்டும் ஒடுக்கி அடுத்தவன் துப்பாக்கியில் வைத்தால் போகவும் போகலாம், பாதியில் சிக்கவும் சிக்கலாம். மருந்தும் குண்டும் நிறைந்த தோட்டா பாதி வழியில் சிக்கி நிற்பது நல்ல காட்சி இல்லை.

இவ்வளவு சொன்னபிறகு அத்தானுக்கு ஒரு சலுகை கொடுத்தாக வேண்டும். முழு நீள டையைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால், அவர் பயப்படுகிற எல்லாம் நடக்கும். அதற்கு மேலும் நடக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருடைய சங்கத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவருக்கு நடந்தது. சத்தம் வழக்கத்தைவிட வேறு மாதிரி இருந்தது. போல்ட்டைத் திறந்தார், கூட்டின் அடிப்பக்கம் மட்டும் மோதிரம் கழன்றது மாதிரி வெளியே வந்தது. மீதிக் குழல் சேம்பருக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார், முகத்தில் புகை படிந்ததோடு போயிற்று. மனிதர் கை நடுங்க அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருந்து அதிகமா என்று எல்லோரும் கேட்டார்கள். மருந்து அளவு குறைவுதான். "டை பெட்டியில் இருந்த காகிதம் சொன்னபடிதான் வைத்தேன்" என்றார். அந்தக் கூட்டை அவர் ஏழாவது தடவையாகச் சுட்டிருந்தார்.

அந்தக் காகிதம் என்ன சொல்கிறது? பிரஸ்ஸின் கைப்பிடியை முழுக்க இறக்கிவிட்டு, கூட்டைத் தாங்கும் ஷெல் ஹோல்டரைத் தொடுமளவு டையைத் திருகு, அதற்குமேல் கால் சுற்று திருகு என்கிறது. பல கம்பெனிக் காகிதங்களில் இதுதான் வாசகம். எந்தத் துப்பாக்கியிலும் போகிற மாதிரிக் கூடு தயாராக வேண்டும் என்பது அவர்கள் கவலை. ஆகவே மிகச் சிறிய சேம்பரை மனதில் வைத்துத் தோளைக் கீழே தள்ளிவிடுகிறது டை. உங்கள் சேம்பர் மிகச் சிறியதா? 308 ரகத்துக்குச் சேம்பரின் நீளத்தைச் சோதிக்க மூன்று கேஜ் உண்டு. 'கோ' கேஜ் 1.630 அங்குலம், 'நோ கோ' 1.634, 'ஃபீல்டு' 1.638. சிறியதற்கும் பெரியதற்கும் வித்தியாசம் 0.008 அங்குலம், அதாவது 0.2 மில்லிமீட்டர். பிரெஞ்சில் இந்த அளவுக்கு 'ஃபெயூர்' என்பார்கள்.

கூடு சேம்பரைவிடக் குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? சுடும்போது கூட்டின் முன்பாதி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடிப்பாகம் பின்னால் போல்ட் வரைக்கும் தள்ளப்படும். இடையில் உள்ள பித்தளை இழுபடும். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, கனமான அடியும் மெல்லிய சுவரும் சேருகிற இடத்தில் அந்த இழுப்பு விழும். மறுபடி தோளைக் கீழே தள்ளிச் சுட்டால் அதே இடத்தில் மறுபடி இழுப்பு. ஒவ்வொரு தடவையும் சுவர் மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் கழன்றுவிடும். ஏழாவது தடவையில் நடந்தது அதுதான்.

ஆகவே தம்பி, டை எது என்பது பாதிக் கேள்வி. அதை எந்த உயரத்தில் மாட்டுவது என்பது மறுபாதி.

உன் துப்பாக்கியில் இரண்டு மூன்று தடவை சுட்ட கூட்டை எடு. ஒரு தடவை சுட்டது முழுக்க வளர்ந்திருக்காது. பிரைமரைக் கழற்றிவிடு, அது துருத்திக்கொண்டிருந்தால் அளவு பொய் சொல்லும். வெர்னியர் காலிப்பரின் தாடையில் மாட்டுகிற ஒரு சிறிய கருவி விற்கிறார்கள், கம்பாரேட்டர் என்று பேர். அதில் ஒரு துளை, கூட்டின் தோளில் நடுவாக வந்து உட்காரும். அடியிலிருந்து தோள் வரை எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள். பிறகு டையை ஷெல் ஹோல்டரிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்துத் தொடங்கு. கொஞ்சம் இறக்கு, ஒரு கூட்டை ஒடுக்கு, அள. முதலில் ஒரு வேடிக்கை பார்ப்பாய், அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும்! டை உடம்பை நெருக்கும்போது பித்தளைக்குப் போக இடமில்லாமல் தோள் முன்னால் தள்ளப்படுகிறது, பற்பசைக் குழாயை நடுவில் அழுத்தின மாதிரி. அந்த நிலையில் நிறுத்திவிட்டு 'முழு நீள டை போட்டும் போல்ட் மூட மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்கள் அநேகம். இன்னும் இறக்கு. டையின் தோள் கூட்டின் தோளைத் தொட்டதும் அளவு குறையத் தொடங்கும். சுட்ட அளவைவிட 0.002 அங்குலம், மில்லிமீட்டரில் 0.05, குறைந்ததும் நிறுத்திப் பூட்டு வளையத்தை இறுக்கு. தானே திரும்ப நிரப்பிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்காக இருந்தால் 0.003லிருந்து 0.005 வரை விடுவார்கள். உன்னுடையது போல்ட் துப்பாக்கி, 0.002 போதும்.

டையின் மரை ஒரு அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு டை 0.071 அங்குலம் இறங்கும். 0.002 அங்குலத்துக்குப் பத்து டிகிரி திருப்பினால் சரி, கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிஷம்கூட நகராத தூரம். கால் சுற்று என்று காகிதம் சொல்வதை இதோடு வைத்துப் பார்.

கம்பாரேட்டர் இல்லாத காலத்தில் மெழுகுவர்த்திப் புகையில் தோளைக் கறுப்பாக்கி, டை எங்கே தொடுகிறது என்று கண்ணால் பார்த்தார்கள். அத்தான் இன்றும் அப்படித்தான். அவர் கண்ணுக்கு அது சரிப்பட்டது, இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது என்பதை நான் சொன்னால் கோபம் வரும்.

இதோடு ஒரு கம்பி. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைச் செங்குத்தாக வளைத்து, கூரான பக்கத்தைக் கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பார். அடிக்குச் சற்று மேலே நகம் தட்டுகிற மாதிரிப் பள்ளம் பட்டால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடு. வெளிப்பக்கம் அதே இடத்தில் பளபளவென்று மெல்லிய வளையம் தெரிந்தாலும் அப்படியே. நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்கும் இதைச் செய். ஒரு காசு செலவில்லை.

மற்ற டைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாதாரண முழு நீள டையில் ஒரு குறை உண்டு. கழுத்தைத் தேவைக்கு மேல் ஒடுக்கிவிட்டு, திரும்பும் வழியில் நடுக்கம்பியிலுள்ள உருண்டையால் இழுத்து அகலமாக்குகிறது. இழுக்கும்போது கழுத்து கோணலாகலாம். கழுத்தின் உள்ளே துளி உயவு தடவினால் பெருமளவு சரியாகும். அது பிடிக்காதவர்கள் புஷ் டை வாங்குகிறார்கள், ரெட்டிங் போன்றவர்கள் செய்வது. கழுத்தை ஒடுக்கும் வளையத்தை 0.001 அங்குல வித்தியாசங்களில் மாற்றி மாற்றிப் போடலாம். குண்டு பொருத்திய கழுத்தின் வெளி அளவைவிட ஒன்றிரண்டு ஆயிரத்தில் பங்கு குறைவான வளையம் எடுப்பார்கள். நல்ல பொருள், ஆனால் இரண்டு வருஷம் சுட்டபிறகு யோசி. லீ கம்பெனியின் 'காலெட்' டை கழுத்தை மட்டும் வெளியிலிருந்து இடுக்கி, உள்ளே உள்ள கம்பியோடு சேர்த்துப் பிடிக்கும். உயவு வேண்டாம், கழுத்தும் நேராக வரும். கழுத்து டைகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பிரெஞ்சில் படித்தவனுக்கு அந்தப் பேர் குழப்பம் தரும். எல்லா டையும் கொலேயைத்தான் தொடுகிறது, இதற்கு மட்டும் ஏன் அந்தப் பேர் என்று நினைப்பான். எழுத்து ஒன்றுதான், ஆங்கிலத்தில் அது பட்டறை இடுக்கியைக் குறிக்கிறது. 'ஸ்மால் பேஸ்' என்று போட்ட டை உனக்கு வேண்டாம், அடிப்பக்கத்தை இன்னும் அதிகமாக ஒடுக்கும், செமி ஆட்டோமேட்டிக்காரர்களுக்கு. கார்பைடு டை என்றால் உயவே தேவையில்லை என்று யாராவது சொன்னால் அவர் கைத்துப்பாக்கியின் நேர்க் கூடுகளைப் பற்றிச் சொல்கிறார். கழுத்துள்ள ரைபிள் கூட்டுக்குக் கார்பைடிலும் உயவு வேண்டும்.

எந்தக் கம்பெனி என்று கேட்பாய். லீ மலிவு, ஆர்.சி.பி.எஸ். நடுத்தரம், ரெட்டிங் அதற்கு மேலே. மூன்றும் நல்ல தோட்டா செய்யும். மேல் விலை டைக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் நடுத்தர டை, கம்பாரேட்டர், உருப்படியான காலிப்பர் மூன்றும் வாங்கு. அளக்கத் தெரியாத நல்ல டையைவிட அளந்து மாட்டிய சாதா டை தேவலை என்று அத்தானிடமும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் போன ஜூலையில் மாஸ் 36 கூடுகளை என்னிடம் நகர்த்தி, "சும்மா அளந்து வை" என்றார். அந்தப் பழைய துப்பாக்கிக்கு அவர் கழுத்து டையையே வைத்துக்கொள்ளட்டும். அவர் கூட்டை வேறு யாரும் சுடப்போவதில்லை, ஐந்து சுடலுக்கு ஒருமுறை உடம்பை ஒடுக்கவும் அவருக்குத் தெரியும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசியாக உயவு. முழு நீள டைக்குள் காய்ந்த கூட்டைத் தள்ளாதே. லானோலின் கலந்த தெளிப்பு விற்கிறார்கள், மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் தோளில் எண்ணெய் தேங்கிக் குழி விழும். ஒடுக்கி முடித்ததும் துடைத்துவிடு. மறந்துபோய்க் கூடு டைக்குள் சிக்கிக்கொண்டால் கைப்பிடியில் தொங்கி இழுக்காதே, அடி விளிம்பு பிய்ந்து வரும். அடியில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டும். அதற்கான சாமான் தாத்தாவின் ஷெட்டில் ஜன்னலுக்குக் கீழே இரண்டாவது டிராயரில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார், ஆனால் ஒரு வாரம் கிண்டல் பண்ணுவார்.